பிரிந்த காட்சிகளை ஒரே நாடாவில் சேர்ப்போம்

இடம்பெயரும் குடும்பம் கையில் எடுத்துச் செல்வது சில பொருட்களைத்தான். காணி உறுதி, அடையாள அட்டை, குடும்ப அட்டை, பிறப்புச் சான்றிதழ், முடிந்தால் ஒரு பை விதைநெல். 1980களின் இறுதியிலிருந்து பல குடும்பங்கள் இவற்றோடு ஒரு ஒளிநாடாவையும் துணி மூட்டைக்குள் வைத்து எடுத்துச் சென்றன. அது ஒரு கலியாண வீடாக இருக்கும்; அல்லது கோவில் பெருநாளாக, புதுநன்மை நாளாக இருக்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் 1990 முதல் சில ஆண்டுகள் மின்சாரமே இல்லாதிருந்தபோதும், ஜெனரேற்றர் பிடித்து, அயலவரைக் கூட்டி வைத்து அந்த நாடாக்களைப் போட்டுப் பார்த்தவர்கள் நாம்.

அன்று அதில் மணமக்களைப் பார்த்தோம். இன்று அவர்களுக்குப் பின்னால் இருப்பதைத் தேடிப் பார்க்கிறோம். வீட்டுத் திண்ணை, கிணற்றடி, வேலி, வெங்காயத் தறை, இன்று நம்மோடு இல்லாதவரின் முகம் ஆகியவை அங்கேதான் இருக்கின்றன.

ஆனால் இக்காட்சிகள் ஒரே இடத்தில் இல்லை. ஒன்று பழைய கசற்றில், இன்னொன்று வெளிநாட்டு உறவினர் அனுப்பிய கசற்றில், வேறொன்று கைத்தொலைபேசியில். இவற்றைக் கணனியில் ஒன்றாகச் சேர்த்து, ஒரே நாடாவில் தடங்கலின்றிப் பதிவது எப்படி என்பதே இப்பாடம். கணனி பழகிய பிள்ளைகள் இதைச் செய்யலாம். என்ன செய்யவேண்டும், என்ன செய்யக்கூடாது என்று சொல்லும் பொறுப்பு பெரியவர்களுடையது. ஆகவே இருசாராரும் சேர்ந்து வாசிப்பது நல்லது.

ஏன் இன்னும் நாடா?

வீ.எச்.எஸ். டெக் தயாரித்த கடைசி நிறுவனமாகிய யப்பானின் புனாய், 2016 யூலையில் அத்தயாரிப்பை நிறுத்திவிட்டது. எனவே நாடாவை மட்டும் நம்பியிருக்க முடியாது. கணனிக் கோப்பும் கட்டாயம் வேண்டும். என்றாலும், சில வீடுகளில் டெக் இன்னும் வேலை செய்கிறது. கணனியைத் தொட அஞ்சும் அம்மம்மா, கசற்றைப் போட்டு ஒரு பொத்தானை அழுத்தத் தயங்கமாட்டார். அவருக்காகவே நாடாப் பிரதி.

1. பொருத்தில் படம் குழம்புவது ஏன்?

பலர் செய்யும் முறை இதுதான்: கணனியில் முதற் துண்டை ஓடவிட்டு நாடாவில் பதிவார்கள். துண்டு முடிந்ததும் டெக்கை நிறுத்துவார்கள். அடுத்த துண்டைத் தேடி எடுத்து, மீண்டும் பதிவார்கள். பின்னர் போட்டுப் பார்த்தால் ஒவ்வொரு பொருத்திலும் படம் மேலும் கீழும் உருளும், நிறக் கோடுகள் வரும், சத்தம் கரகரக்கும். இதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன.

முதலாவது, டெக்கினுள் ஒரு உருளை சுழல்கிறது. நமது நாட்டின் பால் முறையில் அது நிமிடத்துக்கு 1500 தடவை சுற்றுகிறது. அதிலுள்ள தலைகள் நாடாவில் சரிவான கோடுகளாகப் படத்தை எழுதுகின்றன. நாடாவின் ஓரத்தில், செக்கனுக்கு 25 வீதம் சிறு அடையாளத் துடிப்புகளும் பதிகின்றன. ஓட்டத்தைச் சீராக வைப்பது இந்தத் துடிப்புகளே. நிறுத்தித் தொடங்கும் இடத்தில் துடிப்பின் ஒழுங்கு முறிகிறது. ஒழுங்கை மீண்டும் பிடிக்கும் வரையில் படம் உருள்கிறது.

இரண்டாவது, சாதாரண டெக்கில் பழைய பதிவை அழிக்கும் தலை, எழுதும் உருளைக்குச் சற்று முன்னால் தனியாக இருக்கிறது. ஏற்கெனவே பதிந்த நாடாவின் நடுவில் தொடங்கினால், இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நீளம் அழிக்கப்படாமலே உருளைக்கு வந்து சேரும். பழைய படத்தின் மேல் புதிய படம் எழுதப்படும். அதுவே நாம் காணும் நிறக் கோடு. அழிக்கும் தலை உருளையிலேயே பொருத்தப்பட்ட விலைகூடிய டெக்குகளில் இக்குறை இல்லை.

மினி டீ.வி. என்னும் சிறிய எண்ணிம நாடாவில் வேறொரு சிக்கல் உண்டு. அதில் ஒவ்வொரு படத்துக்கும் நேர எண் பதிகிறது. இரண்டு பதிவுகளுக்கு இடையில் வெற்றிடம் விட்டால் எண் மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கும். பின்னர் ஒரு காட்சியைத் தேடும் கணனி தடுமாறும்.

2. அடிப்படை விதி

தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும்போது ஒவ்வொரு பாத்திக்கும் இயந்திரத்தை நிறுத்தி நிறுத்தித் தொடங்குகிறோமா? இல்லை. வாய்க்காலில் தண்ணீர் ஒருமுறை ஓடத் தொடங்கினால், நிறுத்தாமல் பாத்திக்குப் பாத்தி மாறிவிடுகிறோம். இங்கும் அதுவே விதி: பொருத்துவது கணனியில், நாடாவில் ஒரே ஓட்டம். எல்லாத் துண்டுகளையும் கணனியில் ஒரே வரிசையில் வைத்து, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கோப்பாக்கிய பின்னரே டெக்கைத் தொடவேண்டும்.

3. துண்டுகளைக் கணனிக்குக் கொண்டுவருதல்

பாடத்துக்காக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்வோம். வலிகாமம் வடக்கைச் சேர்ந்த விவசாயக் குடும்பம்; 1990இல் இடம்பெயர்ந்தது. அவர்களிடம் நான்கு துண்டுகள் உள்ளன:

அ. 1988இல் வீட்டு முற்றத்தில் நடந்த மூத்த மகளின் கலியாணம் - வீ.எச்.எஸ். நாடா.
ஆ. 1997இல் கனடாவில் பேரப்பிள்ளையின் திருமுழுக்கு - அங்கிருந்து வந்த வீ.எச்.எஸ். நாடா.
இ. 2004இல் நலன்புரி நிலையத்தில் நடந்த புதுநன்மை - மினி டீ.வி. நாடா.
ஈ. 2016இல் விடுவிக்கப்பட்ட காணியைப் பார்க்கச் சென்ற நாள் - கைத்தொலைபேசி.

முதலில் நாடாவின் உடல்நிலையைப் பாருங்கள். சுருளில் வெண்பூஞ்சணம் தெரிந்தால் டெக்கில் போடவேண்டாம். நாடாவும் கெடும், டெக்கின் தலையும் அழுக்காகும், அதே டெக்கில் போடும் அடுத்த நாடாவுக்கும் பூஞ்சணம் தொற்றும். துப்புரவாக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்ல நாடாவானால் ஒருமுறை முழுவதும் முன்னே ஓட்டி, பின்னே சுற்றி எடுத்த பிறகு போடுங்கள். பின்விளிம்பிலுள்ள சிறு பிளாஸ்டிக் தகடு முறிக்கப்படாமல் இருந்தால் உடனே முறித்துவிடுங்கள். அதன்பின் தவறுதலாகவேனும் அதில் எவரும் பதிய முடியாது.

கனடா நாடா நமது டெக்கில் ஏன் ஒழுங்காக ஓடுவதில்லை என்று பலர் கேட்பதுண்டு. நமது முறை பால்: 625 கோடுகள், செக்கனுக்கு 25 படம். கனடாவின் முறை என்.ரி.எஸ்.சி.: 525 கோடுகள், செக்கனுக்கு ஏறக்குறைய 30 படம். பிரான்சிலிருந்து வரும் பழைய நாடா செக்காம் முறையில் இருக்கலாம்; அது பால் டெக்கில் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். எனவே பல முறைகளையும் வாசிக்கும் டெக்கைத் தேடிப் பிடித்து, அந்தந்த நாடாவை அதனதன் முறையிலேயே கணனியில் ஏற்றுங்கள். பால் முறைக்கு மாற்றும் வேலையைப் பொருத்தும் மென்பொருள் செய்யட்டும்.

மினி டீ.வி. நாடாவை பயர்வயர் கம்பி மூலம் ஏற்றினால் தரம் சிறிதும் குறையாது. புதிய கணனிகளில் பெரும்பாலும் பயர்வயர் துளை இல்லை. பழைய கணனி ஒன்றைப் பத்திரப்படுத்தி வைத்திருங்கள். ஒரு மணி நேர டீ.வி. காட்சிக்கு ஏறக்குறைய 13 ஜிகாபைற் இடம் வேண்டும். பழைய வகையில் அமைக்கப்பட்ட வன்தட்டு அல்லது பென்ரைவ் 4 ஜிகாபைற்றுக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. அதாவது 20 நிமிடத்துக்குச் சற்று முன்னரே கோப்பு நின்றுவிடும். ஆகவே ஏற்றத் தொடங்குமுன் தட்டு எந்த வகையானது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்றிய கோப்புகளை அப்படியே இன்னொரு தட்டிலும் பிரதி எடுத்து வையுங்கள். அது மூலப்பிரதி. அதில் ஒரு செக்கனையும் வெட்டக்கூடாது.

4. ஒரே நிகழ்வுக்குள் பொருத்துதல்

பொருத்தும் மென்பொருள்கள் பல உண்டு. கேடன்லைவ், ஷொட்கட், ஓபன்ஷொட் ஆகியவை இலவசமாகக் கிடைப்பவை. எதை எடுத்தாலும் வேலை ஒன்றே.

புதிய வேலை தொடங்கும்போது அமைப்பை பால் முறைக்கு வையுங்கள்: செக்கனுக்கு 25 படம், ஒலி 48 கிலோ ஹேர்ட்ஸ். கைத்தொலைபேசி 30 படம் எடுத்திருக்கலாம். பழைய மினி டீ.வி. கமராவின் ஒலி 32 ஆக இருக்கலாம். அமைப்பு ஒன்றாயிருந்தால் மென்பொருள் இவற்றைச் சமப்படுத்தும். இதைக் கவனியாது விட்டால் துண்டுக்குத் துண்டு சத்தம் மாறுபடும், அசைவு துள்ளும்.

ஒவ்வொரு படத்தையும் தொலைக்காட்சி இரு பாதியாக, ஒற்றைக் கோடுகள், இரட்டைக் கோடுகள் என வரைகிறது. டீ.வி. முறையில் கீழ்ப்பாதி முதலில் வரும். இந்த ஒழுங்கு தலைகீழானால் நடப்பவர்கள் நடுங்குவதுபோலத் தெரிவார்கள். முடிவில் கோப்பு எழுதும்போது மென்பொருள் இதைக் கேட்கும். தவறாது குறித்துக் கொடுங்கள்.

கலியாண நாடாவில் கமராக்காரர் நிறுத்தித் தொடங்கிய இடங்கள் பல இருக்கும். அவ்விடங்களில் பழுதான சில படங்களை மட்டும் அகற்றி, நேர்வெட்டாகச் சேருங்கள். காட்சி அசைவில் இருக்கும்போது வெட்டினால் கண் அதைக் கவனிப்பது குறைவு: ஒருவர் திரும்பும்போது, கை நீட்டும்போது, வாசலால் நுழையும்போது வெட்டலாம்.

பொருத்தைப் பெரும்பாலும் காட்டிக்கொடுப்பது படமல்ல, சத்தம். மேளச் சத்தம் சட்டென்று அறுந்தால் எவருக்கும் தெரிந்துவிடும். எனவே படத்தை நேராக வெட்டினாலும், முதற் துண்டின் சத்தத்தை அடுத்த துண்டுக்குள் ஒரு செக்கன் வரை நீட்டி மெல்லக் குறையுங்கள். அடுத்ததின் சத்தத்தை அதே நேரத்தில் மெல்லக் கூட்டுங்கள். துண்டுகளின் சத்த அளவும் ஏறக்குறையச் சமமாக இருக்கட்டும்.

ஒரு படம் மங்க மற்றது தோன்றும் முறையை விரும்புவோர், அதற்கு இரு பக்கமும் மிச்சத் துணி வேண்டும் என்பதை மறக்கக்கூடாது. ஒரு செக்கன் மங்கலுக்கு 25 படங்கள், இரு துண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கவேண்டும். விளிம்புவரை வெட்டிவிட்டால் தைக்க இடமிராது. படம் சுழலுவது, இதயமாக விரிவது போன்ற அலங்காரங்களைத் தவிர்ப்பது நல்லது.

5. இரு காலங்களுக்கு இடையில்

இங்கேதான் பெரியவர்களின் சொல் வேண்டும். 1988இன் முற்றத்திலிருந்து 2004இன் நலன்புரி நிலையத்துக்கு மெல்லிய மங்கலோடு போவது மென்பொருளுக்கு இலகு. ஆனால் அந்த 16 ஆண்டுகளுக்குள் ஒரு வீடு போனது, தோட்டம் போனது, சில உயிர்களும் போயின. ஒன்றும் நடவாததுபோல அதை ஒட்டிவிட்டால், பின்னாளில் பார்க்கும் பிள்ளை எதை அறியும்? முகாமிலேயே தன் குடும்பம் தோன்றியது என்றும் எண்ணலாம். ஊரிலிருந்து விரும்பி வந்தது என்றும் எண்ணலாம்.

ஆகவே நாம் சொல்லும் முறை இது: ஒரே நிகழ்வுக்குள் பொருத்துத் தெரியக்கூடாது, இரு காலங்களுக்கு இடையில் பொருத்துத் தெரியவேண்டும். முதற் காட்சி முழுக் கறுப்பாகட்டும். இரண்டு செக்கன் கறுப்பு நிற்கட்டும். பின்னர் வெள்ளை எழுத்தில் ஊர், ஆண்டு, நிகழ்வு ஆகிய மூன்றும் வரட்டும். இடம்பெயர்ந்த ஆண்டைத் தனி அட்டையாக எழுதுங்கள். விளக்கம் ஒன்றும் வேண்டாம். ஆண்டும் ஊரும் போதும். சத்தமாக இருமுறை வாசித்து முடிக்கும் நேரம் வரை எழுத்து நிற்கட்டும். பழைய தொலைக்காட்சிப் பெட்டி படத்தின் ஓரங்களை மறைத்துவிடும் என்பதால், நான்கு பக்கமும் பத்தில் ஒரு பங்கு இடம் விட்டு எழுதுங்கள்.

எதை வெட்டலாம் என்பதையும் குடும்பமாக இருந்து முடிவு செய்யுங்கள். கமராக்காரர் தவறுதலாக வேலிப் பக்கம் திருப்பிய ஆட்டமான காட்சியை, அழகில்லை என்று பிள்ளைகள் நீக்கிவிடக்கூடும். வீடு தரைமட்டமாகி, பற்றை மூடிய காணிக்கு 2016இல் திரும்பிய குடும்பத்துக்கு, கிணறு எங்கே நின்றது, பனை வரிசை எங்கே போனது என்று காட்டக்கூடியது அந்த ஆட்டமான காட்சி ஒன்றாகவே இருக்கலாம். நாடா காணி உறுதிக்கு ஈடாகாது. ஆனால் எல்லையைப் பற்றி அயலவரோடு அமைதியாகப் பேசும்போது இரு பக்கத்தாரின் நினைவையும் அது துலக்கும். வெட்டி ஒட்டிய பிரதியை எவரும் நம்பமாட்டார்கள். வெட்டாத மூலப்பிரதியைப் பேணச் சொன்னது இதற்காகவும்தான்.

அவ்வாறே, காணாமல் ஆக்கப்பட்ட ஒருவர் பந்தியில் பரிமாறிக்கொண்டு கடந்து போகும் நான்கு செக்கன்கள், கேக் வெட்டும் பத்து நிமிடத்தைவிடத் தாய்க்குப் பெரியவை. அந்த நான்கு செக்கனை நீக்கும் உரிமை கணனிக்கு முன் இருக்கும் பிள்ளைக்கு இல்லை. பிரதியைப் பிறருக்குக் கொடுக்குமுன்னும் அந்தத் தாயைக் கேளுங்கள்.

6. நாடாவில் பதியும் படிமுறை

அ. வரிசையின் தொடக்கத்தில் 15 செக்கன் கறுப்பும் முடிவில் 30 செக்கன் கறுப்பும் சேர்த்து, முழுவதையும் ஒரே கோப்பாக எழுதுங்கள். அதைக் கணனியில் ஒருமுறை முழுமையாகப் பாருங்கள்.

ஆ. மினி டீ.வி. நாடாவானால் பயர்வயர் கம்பி போதும். வீ.எச்.எஸ். டெக்கானால், கணனியின் எச்.டி.எம்.ஐ. துளையிலிருந்து ஏவி மாற்றுப் பெட்டி ஒன்றின் ஊடாகத் தொடுங்கள். மஞ்சள் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் சத்தத்துக்கு. பெட்டியில் பால், என்.ரி.எஸ்.சி. என்று மாற்றும் ஆளி இருந்தால் பால் பக்கம் வையுங்கள்.

இ. புதிய அல்லது நன்றாக உள்ள நாடாவை எடுத்து, முழுவதும் முன்னும் பின்னும் ஒருமுறை சுற்றுங்கள். ஈ-180 நாடாவில் சாதாரண வேகத்தில் 3 மணித்தியாலம் பதியலாம். அரைவேகத்தில் 6 மணித்தியாலம் கொள்ளும். ஆனால் படம் தாழ்ந்துவிடும். சாதாரண வேகமே நல்லது.

ஈ. கணனியின் திரைக்காப்பு, உறக்க நிலை, இணைய இணைப்பு, அறிவிப்பு ஒலி அனைத்தையும் நிறுத்துங்கள். திருப்பலிக் காட்சியின் நடுவே மின்னஞ்சல் மணி பதிந்த நாடாக்கள் உண்டு. சுட்டியின் அம்பு திரையில் தெரியக்கூடாது.

உ. முதலில் இரண்டு நிமிடம் பதிந்து, வேறொரு டெக்கில் போட்டுச் சோதியுங்கள். சரியானால் தொடக்கத்துக்கே திரும்புங்கள்.

ஊ. டெக்கில் பதிவை முதலில் தொடங்குங்கள். பத்து செக்கன் கழித்துக் கணனியில் காட்சியை ஓடவிடுங்கள். டெக்கின் ஓட்டம் சீராக இந்த நேரம் தேவை. முதல் இறைப்பின் கலங்கல் தண்ணீர் கறுப்புக்குள் போய்விடும்.

எ. இடையில் எதையும் நிறுத்தவேண்டாம். தவிர்க்க முடியாமல் நிறுத்த நேர்ந்தால் அவ்விடத்தில் ஒட்ட முயலாது, நாடாவை முழுவதும் பின்னே சுற்றித் தொடக்கத்திலிருந்து பதியுங்கள். மின்வெட்டு உள்ள இடங்களில் கணனிக்கும் டெக்குக்கும் சேர்த்து யூ.பி.எஸ். இருத்தல் நலம்.

ஏ. முடிந்ததும் பாதுகாப்புத் தகட்டை முறியுங்கள். மினி டீ.வி. நாடாவில் முறிப்பதற்குப் பதிலாகச் சிறு தள்ளாளி இருக்கும், அதைப் பூட்டுங்கள். ஊர், ஆண்டுகள், பதிந்த திகதி ஆகியவற்றை நாடாவிலும் உறையிலும் எழுதுங்கள்.

7. பதிந்த பின்

நாடாவை நிமிர்த்தி நூல்போல வையுங்கள். ஓலைக்கூரை ஒழுக்கு, அடுப்பங்கரைப் புகை, ஒலிபெருக்கியின் காந்தம் ஆகியவற்றிலிருந்து விலக்கி வையுங்கள். ஆண்டுக்கொருமுறை முழுவதும் ஓட்டிச் சுற்றுங்கள். கணனிக் கோப்புகளை இரண்டு தட்டுகளில், இரண்டு வீடுகளில் வைத்திருங்கள். மீண்டும் ஓடவேண்டி வந்தால் ஒன்றாவது மிஞ்சும் என்பதை நமக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. வெளிநாட்டு உறவினரிடமும் ஒரு பிரதி இருப்பது நல்லது.

ஐயாயிரம் பேர் உண்டு நிறைவடைந்த பின்னும், மீந்த துண்டுகள் வீணாகாதபடி சேர்க்கச் சொன்னார் நம் ஆண்டவர். சீடர்கள் 12 கூடைகள் நிறையச் சேர்த்தார்கள். நம்மிடம் மிஞ்சியிருப்பவையும் துண்டுகளே. நாடாவின் பூச்சு உதிர்ந்து வருகிறது. அதில் தெரியும் முகங்களுக்குப் பெயர் சொல்லக்கூடிய பெரியவர்களும் குறைந்து வருகிறார்கள். இந்த மழை காலத்துக்கு முன் உங்கள் பெட்டியைத் திறந்து பாருங்கள். நாடாவைப் பெரியவர்களுக்குப் போட்டுக் காட்டி, யார் யார் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பொருத்தும் வேலை அதற்குப் பின்னரும் செய்யலாம்.

பயிற்சி

இளைஞர் மன்றத்தினர் மூவர் மூவராகச் சேர்ந்து, 10 செக்கன் கொண்ட மூன்று காட்சிகளை எடுங்கள்: இரண்டு ஒரே நிகழ்விலிருந்து, மூன்றாவது வேறொரு நாளிலிருந்து. முதலிரண்டையும் பொருத்துத் தெரியாமலும், மூன்றாவதைப் பொருத்துத் தெரியும்படியும் சேர்த்து நாடாவில் பதியுங்கள். எங்கே வெட்டினீர்கள் என்று பெரியவர் ஒருவரைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

கலந்துரையாடலுக்கு

1. நம் குடும்பத்தில் எந்தெந்தக் காட்சிகள், யார் யாரிடம் இருக்கின்றன?
2. அவற்றில் நம் காணி, வீடு, கிணறு தெரியும் இடங்கள் எவை?
3. இரு காலங்களுக்கு இடையில் வரும் அட்டையில் நாம் எந்த ஊரை, எந்த ஆண்டை எழுதுவோம்? எல்லோரும் அதற்கு உடன்படுகிறோமா?
4. நம் அயலில் எவரது நாடா கவனிப்பாரின்றி இருக்கிறது? அதை மீட்க நாம் என்ன செய்யலாம்?